1-ஆக்டீன் ஹைட்ரோஃபார்மைலேஷன்: நார்மல்/ஐசோ விகிதம் 2.7-ஐத் தாண்ட மறுக்கிறது, எந்த லிகண்டுக்கு மாறலாம்?

நொனனால்9:

வணக்கம். 1-ஆக்டீனோடு ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் (சிஓ) ரோடியம் வினையூக்கியால் சேர்த்து (இதுதான் ஹைட்ரோஃபார்மைலேஷன்) நொனனால் என்ற ஒன்பது கார்பன் ஆல்டிஹைடு எடுக்கும் வேலை. 300 மி.லி. ஆட்டோகிளேவில் இப்போது போடும் அளவு: டொலுயீன் 80 மி.லி., 1-ஆக்டீன் 20 மி.லி. (127 மில்லிமோல்), ரோடியம் டைகார்பனைல் அசிட்டைல்அசிட்டோனேட் 16.5 மி.கி. (0.064 மில்லிமோல்), லிகண்டாக (ரோடியத்தோடு ஒட்டி அதன் நடத்தையை மாற்றும் மூலக்கூறு) டிரைஃபீனைல்பாஸ்ஃபீன் 168 மி.கி. ரோடியம் ஒன்றுக்கு பாஸ்ஃபீன் பத்து. வெப்பநிலை 90 டிகிரி, ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் சரிபாதி கலந்த சின்கேஸ் 20 பார், கலக்கி 700 ஆர்பிஎம்.

மூன்று மணி நேரத்தில் 96% ஆக்டீன் தீர்ந்துவிடுகிறது. அதில் ஆல்டிஹைடு 84, இரட்டைப் பிணைப்பு உள்ளே நகர்ந்த ஆக்டீன்கள் 11, ஆக்டேன் 1. நேர் ஆல்டிஹைடுக்கும் கிளை ஆல்டிஹைடுக்கும் உள்ள விகிதம் (நார்மல்/ஐசோ) 2.7. பிறகு டொலுயீனையும் நொனனாலையும் 20 மில்லிபாரில் வடித்து, அடியில் தங்கும் வினையூக்கியை மறுபடி பயன்படுத்தினால், இரண்டாவது சுற்றிலேயே மஞ்சள் பழுப்பாகிறது. நான்காவது சுற்றில் மாற்றம் 55%தான்.

விகிதம் 20-க்கு மேல் வேண்டும், ஐந்தாறு சுற்றாவது தாங்க வேண்டும். ஸான்ட்ஃபாஸா, பைஃபிஃபாஸா (இரண்டும் இரண்டு பாஸ்பரஸால் ரோடியத்தைப் பிடிக்கும் லிகண்டுகள்)? லிகண்டைத் தேர்ந்தெடுக்கும்போது எதை முதலில் பார்ப்பீர்கள்?

---

மஞ்சள்கரைசல்:

லிகண்டை மாற்றும் முன் ஒரு கணக்கு. "ஒன்றுக்குப் பத்து" என்பது கேட்க நிறைவாக இருக்கும். ஆனால் 0.64 மில்லிமோல் பாஸ்ஃபீன் 100 மி.லி.யில் இருக்கிறது, செறிவு 6.4 மில்லிமோலார். ரோடியம் விகிதத்தைப் பார்ப்பதில்லை, கரைசலில் தனியாக மிதக்கும் பாஸ்ஃபீனின் செறிவையும் எதிரில் நிற்கும் சிஓ அழுத்தத்தையும்தான் பார்க்கிறது. இரண்டு பாஸ்ஃபீன் ஒட்டிய ரோடியம் ஹைட்ரைடில் (ஹைட்ரஜன் ஒட்டிய ரோடியம், உண்மையில் வேலை செய்யும் வினையூக்கி) நெரிசல் அதிகம். ஆக்டீன் நுழையும்போது ரோடியம் நுனிக் கார்பனில் உட்காரும், நேர் ஆல்டிஹைடு வரும். ஒரு பாஸ்ஃபீன் கழன்று அந்த இடத்தில் சிஓ ஏறிவிட்டால் நெரிசல் போயிற்று, கிளை ஆல்டிஹைடுக்கு வழி திறந்துவிடுகிறது. 10 பார் சிஓ-வுக்கு எதிராக 6.4 மில்லிமோலார் பாஸ்ஃபீன் என்றால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். உங்கள் 2.7 அதன் விளைவுதான்.

புரொப்பிலீனை பியூட்டிரால்டிஹைடாக்கும் குறைந்த அழுத்த ஆக்ஸோ (ஹைட்ரோஃபார்மைலேஷனின் இன்னொரு பெயர்) ஆலைகளில் (யூனியன் கார்பைடு 1976-இல் போர்ட்டோ ரிக்கோவின் பொன்சேயில் தொடங்கிய முறை) டிரைஃபீனைல்பாஸ்ஃபீன் கரைசலின் எடையில் 10 சதவீதத்தை ஒட்டிக்கூட இருக்கும். அப்படிப் போட்டுத்தான் விகிதத்தை 10-க்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார்கள். நீங்கள் 200 மடங்கு, அதாவது 3.36 கிராம் போட்டு ஒரு ஓட்டம் விட்டுப் பாருங்கள். விகிதம் ஏறும், வேகம் இறங்கும். 20 வராது. ஆனாலும் இந்த ஓட்டம் தேவை. புது லிகண்டை ஒப்பிட நேர்மையான அடிக்கோடு இதுதான், 2.7 அல்ல.

இனி தேர்வு. ஒற்றைப் பல் லிகண்டுகளுக்கு (ஒரே பாஸ்பரஸால் ஒட்டுபவை) வேதியியலாளர் டோல்மன் கொடுத்த இரண்டு எண்கள் போதும். ஒன்று கூம்புக் கோணம், அதாவது லிகண்ட் உலோகத்தைச் சுற்றி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது: டிரைஃபீனைல்பாஸ்ஃபீனுக்கு 145 டிகிரி, டிரைசைக்ளோஹெக்சைலுக்கு 170. இன்னொன்று நிக்கல் டிரைகார்பனைலில் அந்த லிகண்டை ஒட்டினால் சிஓ-வின் ஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) பட்டை நிற்கும் இடம், செ.மீ.⁻¹ அலகில்: டிரைஃபீனைல்பாஸ்ஃபீனுக்கு 2069, டிரைஃபீனைல்பாஸ்ஃபைட்டுக்கு 2085. எண் கூடினால் லிகண்ட் உலோகத்திலிருந்து எலக்ட்ரானை இழுக்கிறது, ரோடியம் சிஓ-வைத் தளர்வாகப் பிடிக்கிறது, காலியிடம் சீக்கிரம் கிடைக்கிறது, வேகம் கூடுகிறது. டிரைசைக்ளோஹெக்சைல் போன்ற எலக்ட்ரான் தள்ளும் பாஸ்ஃபீன்கள் இந்த வேலைக்கு உதவாததற்குக் காரணம் இதன் மறுபக்கம்.

இரட்டைப் பல் லிகண்டில் மூன்றாவது எண் வந்து மற்ற இரண்டையும் ஓரங்கட்டிவிடும்: கடிகோணம், இரண்டு பாஸ்பரஸும் உலோகத்தைக் கடித்து நிற்கும் கோணம். வேதியியலாளர்கள் கேசியும் வைட்டேக்கரும் 1990-இல் இதைக் கணக்கிட ஒரு வழி கொடுத்தார்கள். ஐந்து கை உள்ள முக்கோண இருபிரமிடில் நடுத்தளத்தின் இரண்டு கைகளுக்கு இடையே 120 டிகிரி. ஒரு கை நடுவிலும் ஒரு கை உச்சியிலும் என்றால் 90. இரண்டு எத்திலீன் கார்பனால் கட்டிய டிபிபிஇ லிகண்டுக்கு 85-ஐ ஒட்டி வரும். அதற்கு நடு-உச்சி நிலைதான் வசதி, விகிதமும் மோசம். டிபிஇஃபாஸ் என்ற இரட்டைப் பல் லிகண்டுக்கு 102, 80 டிகிரியில் 1-ஆக்டீனுக்கு விகிதம் 7-க்குக் கொஞ்சம் கீழே. ஸான்ட்ஃபாஸ் 111-ஐ ஒட்டி. அதே நிலைமையில் விகிதம் 50-ஐத் தாண்டும். வான் லேவென், காமர் குழு 1995-இல் வெளியிட்ட இந்த வரிசையில் லிகண்டின் முதுகெலும்பை (இரண்டு பாஸ்பரஸையும் இணைக்கும் பகுதி) ஓரிரண்டு அணு மாற்றியதற்கே இவ்வளவு ஏற்றம்.

உங்கள் அளவுக்கு ஸான்ட்ஃபாஸ் ஐந்து மடங்கு: 0.32 மில்லிமோல், 185 மி.கி. குளிர்ந்த டொலுயீனில் சோம்பேறித்தனமாகத்தான் கரையும். 50 டிகிரிக்குச் சூடாக்கி, தெளிவான பிறகு ரோடியத்தைச் சேருங்கள். ஆக்டீன் இல்லாமல் 80 டிகிரி, 20 பார் சின்கேஸில் ஒரு மணி நேரம் விட்டு ஹைட்ரைடு முழுதாக உருவானதும், ஆக்டீனைத் தனிக் குழலிலிருந்து அழுத்தத்தோடு தள்ளுங்கள். ஆக்டீனையும் சேர்த்தே முதலில் போட்டால், லிகண்ட் ஏறாத ரோடியம் முதல் பத்து நிமிடத்தில் செய்யும் அட்டூழியம் கடைசி விகிதத்தில் வந்து நிற்கும். குளோரைடு உள்ள ரோடியம் உப்புகள் பக்கமே போகாதீர்கள்.

---

பைலட்பிளாண்ட்:

மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் விகிதத்தை மட்டும் துரத்துவது ஏமாற்றும். ஒரு லிகண்ட் 50 கொடுக்கிறது, ஆனால் 30% ஆக்டீனை உள்ளே நகர்த்திவிடுகிறது என்று வையுங்கள். கையில் வரும் நேர் நொனனால் 70-இல் 51-க்கு 50 பங்கு, அதாவது 68.6%. இன்னொன்று 20தான் கொடுக்கிறது, நகர்த்துவது 3%. கையில் வருவது 92.4%. எது நல்ல லிகண்ட்? கிளை ஆல்கைல் ரோடியம் சிஓ கிடைக்காமல் ஹைட்ரஜனைத் திருப்பிக் கொடுத்து 2-ஆக்டீனாகக் கழன்றுவிட்டால் கிளை ஆல்டிஹைடு குறைகிறது, விகிதம் அழகாக ஏறுகிறது, விளைச்சல் ஓட்டையாகிறது. எலக்ட்ரான் இழுக்கும் குழு ஒட்டிய ஸான்ட்ஃபாஸ் வகைகளில் "விகிதம் கூடியது" என்று சொல்வதில் பாதிக்கு இதுதான் அர்த்தம். மொத்தம் தீர்ந்த ஆக்டீனில் நேர் ஆல்டிஹைடு எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள்.

உங்கள் 11% கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. கரைசலுக்குள் சிஓ போதுமான வேகத்தில் போகவில்லையோ? இரண்டு சோதனை. ஆர்பிஎம் 700, 1000, 1400 என்று மாற்றி முதல் 15 நிமிட வாயு உறிஞ்சும் வேகத்தைப் பாருங்கள். மாறினால் கலக்கல்தான் தடை. அடுத்து ரோடியத்தைப் பாதியாக்குங்கள், பாஸ்ஃபீன் எடையை மாற்றாமல். வேகம் பாதியானால் வேதியியலை அளக்கிறீர்கள். முக்கால் பங்காகத்தான் குறைந்தது என்றால் வாயு கரையும் வேகத்தை அளந்துகொண்டிருக்கிறீர்கள், அந்த எண்ணை வைத்து லிகண்டுகளை ஒப்பிடுவது வீண். துளை போட்ட தண்டுள்ள, வாயுவை மேலிருந்து இழுத்துக் கீழே விடும் கலக்கி இருந்தால் பாதித் தொல்லை தீரும். பாத்திரத்தை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

அடுத்தது தீனி, அதாவது உள்ளே போடும் மூலப்பொருள். 1-ஆக்டீன் பாட்டிலைத் திறந்து வைத்தாலே பெராக்சைடு சேரும். கிலோவுக்கு 10 மில்லிமோல் பெராக்சைடு என்று வைப்போம், பெரிய அளவாகத் தோன்றாது. 20 மி.லி. என்பது 14.3 கிராம், அதில் 0.14 மில்லிமோல். உங்கள் 0.64 மில்லிமோல் டிரைஃபீனைல்பாஸ்ஃபீனில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆக்சைடாகும், ஓட்டம் ஓரளவு தப்பும். ஸான்ட்ஃபாஸ் 0.32 மில்லிமோல்தான். அதில் ஒரு பாஸ்பரஸ் ஆக்சைடானாலே மூலக்கூறு கடிக்கும் தகுதியை இழந்துவிடும். மோசமான கணக்கில் 45% லிகண்ட் முதல் நிமிடங்களிலேயே போயிற்று. "ஸான்ட்ஃபாஸ் போட்டும் விகிதம் ஏறவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் கதை. ஆக்டீனை அன்றன்று செயலூட்டிய அலுமினாத் தூணில் வடித்து, நைட்ரஜனை 20 நிமிடம் குமிழவிட்டு, பெராக்சைடு சோதனைப் பட்டையில் பூஜ்யம் காட்டினால் மட்டும் உள்ளே விடுங்கள்.

சிஓ எஃகு சிலிண்டரில் வருகிறதா? அதிக அழுத்தத்தில் எஃகோடு சேர்ந்து இரும்பு பென்டாகார்பனைல் உண்டாகும், வாயுவோடு வரும். ஜிசியில் (வாயு நிறப்பிரிகை) தெரியாது. செயலூட்டிய கரி அடைத்த ஒரு குழாயை வழியில் மாட்டுங்கள். சிஓ அலாரம் இல்லாத அறையில் இது எதுவுமே வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என நினைக்கிறேன்.

---

அழுத்தக்கலன்:

பழுப்பு நிறத்தை இருவரும் தொடவில்லை. வினையூக்கி ஆட்டோகிளேவில் சாகவில்லை, வடிக்கும் பிளாஸ்கில் சாகிறது. ரோடியம் ஹைட்ரைடு நிலைத்து நிற்க மூன்று பேர் தேவை: ஹைட்ரஜன், சிஓ, உபரி லிகண்ட். 20 மில்லிபாரில் முதல் இரண்டும் போய்விட்டன. நொனனால் அந்த அழுத்தத்தில் 90 டிகிரி வாக்கில் வடியும், அடியில் எண்ணெய்க் குளியல் 130 இருக்கும் என்று ஊகிக்கிறேன். மூன்றாவதான பாஸ்ஃபீன் முன்பே குறைவு. நிராதரவான ரோடியம் ஒன்றோடொன்று ஒட்டி நான்கு, ஆறு அணுக் கிளஸ்டராகி, கடைசியில் கண்ணாடியில் கருப்புப் படலமாகிறது. படலம் திரும்பி வராது.

ஆகவே: குளியல் 110-ஐத் தாண்டக் கூடாது. நொனனாலை முழுக்க வடிக்காமல் கால் பங்கை அடியில் விடுங்கள்; அதுவே அடுத்த சுற்றுக்குக் கரைப்பான். ஆலைகளில் டொலுயீன் ஊற்றுவதில்லை, ஆல்டிஹைடு தன்னோடு தானே சேர்ந்து உண்டாகும் கனமான எச்சத்தையே கரைப்பானாக வைத்து ஓட்டுகிறார்கள். முடிந்தால் பிளாஸ்குக்குப் பதில் மெல்லிய படல ஆவியாக்கி. சூட்டில் இருக்கும் நேரம் மணிக்கணக்கிலிருந்து நிமிடத்துக்கு இறங்கும். வடித்து முடித்ததும் உடனே 5 பார் சின்கேஸில் மூடி வையுங்கள், நைட்ரஜனில் இரவு முழுக்க விடாதீர்கள்.

ரோடியம் இழப்பை ஏன் இவ்வளவு பேசுகிறோம் என்றால், ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் ஆலையில் பொருளோடு 1 பிபிஎம் ரோடியம் போனால் அது 100 கிலோ. ரோடியம் 2021 மார்ச்சில் அவுன்ஸ் 29,000 டாலரை ஒட்டிப் போன உலோகம். லிகண்டின் விலை, வேகம், விகிதம் எல்லாம் இதற்குப் பிறகுதான். உங்கள் வடிநீரை ஒரு முறை ஐசிபிக்கு (உலோக அளவைக் காணும் பகுப்பாய்வு) அனுப்பிப் பாருங்கள்.

தண்ணீரில் கரையும் லிகண்ட் போடலாமே என்று யாராவது கேட்கும் முன்: சல்ஃபோனேட் மூன்று ஒட்டிய டிரைஃபீனைல்பாஸ்ஃபீனை வைத்து 1984-இலிருந்து ஜெர்மனியின் ஓபர்ஹவுசனில் புரொப்பிலீன் ஓடுகிறது. வினையூக்கி தண்ணீரில், பியூட்டிரால்டிஹைடு மேலே எண்ணெயாக, பிரிப்பது சாய்த்து ஊற்றும் வேலைதான். அருமையான முறை. ஆனால் புரொப்பிலீன் தண்ணீரில் லிட்டருக்கு 200 மி.கி. கரையும், 1-ஆக்டீன் சில மில்லிகிராம்தான். வேகம் படுத்துவிடும். சூட்டில் ஒன்றாகி ஆறினால் பிரியும் டிஎம்எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு)–டெக்கேன் கரைப்பான் கலவையில் பைஃபிஃபாஸ் வைத்து 1-டோடெசீனை ஓட்டிய வேலை ஜெர்மனியில் சிறு ஆலை அளவு வரை போயிருக்கிறது. உங்கள் 300 மி.லி.க்கு அதை முயலலாம், ஆனால் டிஎம்எஃப்பில் தண்ணீர் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பைஃபிஃபாஸ் பற்றி: வேகம், விகிதம் இரண்டிலும் ஸான்ட்ஃபாஸுக்குச் சளைத்ததல்ல. அது உள்ளே நகர்ந்த ஆக்டீனையும் திரும்ப நுனிக்குக் கொண்டுவந்து நேர் ஆல்டிஹைடாக்கும், பாஸ்ஃபீன்கள் அதில் பின்தங்கும். நான்கு மடங்கு என்றால் 201 மி.கி. சிக்கல், அது பாஸ்ஃபைட். பாஸ்பரஸ்–ஆக்சிஜன் பிணைப்பைத் தண்ணீர் அறுக்கும், அறுந்தால் அமிலம் பிறக்கும், அமிலம் மேலும் அறுக்கும். மெதுவாகத் தொடங்கி திடீரென்று சரியும். மூன்று சுற்று பிரமாதம், நான்காவதில் சூனியம் என்பது அதன் கையெழுத்து. நொனனாலே காற்றுப் பட்டால் நொனனாயிக் அமிலமாகும், அதுவும் இந்தக் கூட்டணியில் சேரும். தடுக்க சைக்ளோஹெக்சீன் ஆக்சைடு போன்ற எபாக்சைடை லிகண்டுக்குச் சில மடங்கு சேர்ப்பார்கள், அமிலம் பிறந்த உடனே அதைத் தின்றுவிடும். நெரிசலான அமீன்களையும் போடுவதுண்டு. பெரிய ஆலையில் தாங்கல் கரைசலால் கழுவும் பிரிவே தனியாக இருக்கும்.

உங்கள் வடிப்பு முறையை மாற்றாமல் பைஃபிஃபாஸுக்குப் போனால் காசு கரியாகும். முதலில் ஸான்ட்ஃபாஸ்.

---

நொனனால்9:

மூவருக்கும் நன்றி. குளியல் 130 அல்ல, 140. வெட்கமாகத்தான் இருக்கிறது. அலுமினாத் தூண், கரிக் குழாய், ரோடியம் பாதியாக்கும் சோதனை, பிறகு 3.36 கிராம் டிரைஃபீனைல்பாஸ்ஃபீன் ஓட்டம், அதன்பின் ஸான்ட்ஃபாஸ் என்ற வரிசையில் போகிறேன்.

ஒரு கேள்வி மட்டும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் லிகண்ட் உயிரோடு இருக்கிறதா, ரோடியம் கிளஸ்டராகிறதா என்று எப்படிப் பார்ப்பது? விகிதம் சரிந்த பிறகு தெரிந்து பயனில்லை. நிறத்தை வைத்து முடிவெடுக்கலாமா?

---

மஞ்சள்கரைசல்:

நிறம் தாமதமான செய்தி. ஆல்டிஹைடு எச்சமும் காலப்போக்கில் மஞ்சளாகிப் பழுப்பேறும், அதைப் பார்த்துப் பயந்து நல்ல வினையூக்கியைக் கொட்டியவர்களும் உண்டு.

லிகண்டுக்கு பாஸ்பரஸ் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு; கீழே சிகரங்களின் இடம் பிபிஎம்-இல்). சுற்று முடிந்ததும் 0.5 மி.லி. எடுத்து, நைட்ரஜனில் மூடிய குழாயில், கொஞ்சம் டியூட்டிரேட்டட் பென்சீன் சேர்த்துப் பாருங்கள். தனி ஸான்ட்ஃபாஸ் −18-ஐ ஒட்டி, தனி டிரைஃபீனைல்பாஸ்ஃபீன் −5-ஐ ஒட்டி. ஆக்சைடுகள் 25-க்கும் 35-க்கும் நடுவில். ஆக்சைடு சுற்றுக்குச் சுற்று ஒரே அளவு கூடினால் தீனியோடு வருகிறது. ஒரு சுற்றில் மட்டும் குதித்தால் எங்கோ காற்று ஒழுகியிருக்கிறது, பெரும்பாலும் மாதிரி எடுக்கும் வால்வு. பின்னாளில் பைஃபிஃபாஸுக்குப் போனால் 145 பக்கம் பாருங்கள், அறுந்தது பூஜ்யத்துக்கும் 10-க்கும் இடையில் வரும், புரோட்டான் இணைப்பை நீக்காமல் எடுத்தால் 700 ஹெர்ட்ஸ் அளவில் இரண்டாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவு இருந்தால் அது ஹைட்ரஜன் ஒட்டிய பாஸ்ஃபோனேட்தான், சந்தேகமே வேண்டாம். டிரைஃபீனைல்பாஸ்ஃபீன் ஓட்டத்தில் இன்னொன்றையும் தேடுங்கள்: ஃபீனைல் ஒன்று கழன்று ஆல்கைல் ஏறிய பாஸ்ஃபீன். புரொப்பிலீன் ஆலைகளில் புரொப்பைல்டைஃபீனைல்பாஸ்ஃபீன் என்று கணக்கே வைப்பார்கள். எலக்ட்ரான் தள்ளும், ரோடியத்தை இறுக்கிப் பிடித்து வேகத்தைக் கொல்லும்.

ரோடியத்துக்கு ஐஆர். ஸான்ட்ஃபாஸ் ஹைட்ரைடு இரண்டு வடிவங்களில் சமநிலையில் இருப்பதால் 2040-க்கும் 1940-க்கும் இடையில் நான்கு பட்டை தெரியும். 1886-இல் ஒன்று தலைகாட்டினால் நான்கு ரோடியக் கிளஸ்டர், 1819-இல் வந்தால் ஆறு. 1886-ஓடு நின்றிருந்தால் இன்னும் வழி உண்டு: ஸான்ட்ஃபாஸ் ஒரு மடங்கு புதிதாகச் சேர்த்து 80 டிகிரி, 20 பார் சின்கேஸில் இரண்டு மணி நேரம் விடுங்கள், பட்டை கரைந்துபோகிறதா என்று பாருங்கள்.

---

பைலட்பிளாண்ட்:

ஐஆருக்கு மாதிரி எடுக்கும்போது அழுத்தத்தை இறக்கிவிட்டு எடுக்காதீர்கள். குழாயில் வரும் நேரத்திலேயே சிஓ குறைந்து, ஆட்டோகிளேவில் இல்லாத கிளஸ்டர் செல்லில் தெரியும். அழுத்தம் தாங்கும் செல் இல்லையென்றால் மாதிரிக் குழாயையே 5 பார் சின்கேஸால் நிரப்பி வைத்து அதற்குள் இறக்குங்கள். முதல் 2 மி.லி.யைக் கொட்டிவிடுங்கள், அது போன சுற்றின் மிச்சம்.

140-இலிருந்து 110-க்கு இறங்கினால் நொனனால் 20 மில்லிபாரில் நேரமெடுக்கும். பம்பு 5 மில்லிபாருக்கு இழுக்குமா பாருங்கள். இழுத்தால் குளியல் 90-இலேயே வேலை முடியும். பம்பின் வாய் ஃபியூம் ஹூடுக்குள் இருக்கட்டும், கரைந்திருந்த சிஓ எல்லாம் அதன் வழியாகத்தான் வெளியேறும்.